எறும்பு வேடச் சிலந்திக்குப் பெயர் மாறியது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

தாவும் சிலந்திகளின் பெயர் மாற்றம் பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். உறுப்புகளின் பெயர்களுக்கு ஆய்வாளர்கள் வாயில் புழங்கும் சொற்களையே எழுதியிருக்கிறோம். புதுச் சொல் உண்டாக்கினால் படிப்பவர் இரண்டு முறை கற்க வேண்டியிருக்கும்.

எங்கள் தோப்பில் பெங்களூரா மாமரங்களில் முசுறு எறும்புக் கூட்டத்தோடு ஒரு சிலந்தியும் திரிகிறது. பார்த்தால் எறும்பேதான். கல்லூரியில் படிக்கும் என் மகள் பழைய புத்தகத்தைப் பார்த்து ‘மிர்மரக்னே’ என்கிறாள், அவள் தோழி ‘மிர்மபிளாட்டா’ என்கிறாள். எது சரி?
– மா விவசாயி, காவேரிப்பட்டணம்

இரண்டு பேரும் ஒரே சிலந்தியைத்தான் சொல்கிறார்கள். இன்றைய பெயர் மிர்மபிளாட்டா பிளாட்டாலியோய்டிஸ். இது மூன்றாவது வீட்டில் குடியிருக்கும் பெயர். 1869-ல் ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இலங்கையிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து ‘சால்டிகஸ் பிளாட்டாலியோய்டிஸ்’ என்று விவரித்தார். அந்தக் காலத்தில் தாவும் சிலந்திகளை சால்டிகஸ், அட்டஸ் போன்ற சில பெரிய பைகளில் போட்டு வைத்திருந்தார்கள். பின்னாளில் எறும்பு வேடக்காரர்களுக்கான மிர்மரக்னே பேரினத்துக்கு (பேரினம் என்றால் நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) இது போனது. அதுவும் நாளடைவில் 200-க்கு மேற்பட்ட சிற்றினங்களோடு இன்னொரு பெரிய பை ஆகிவிட்டது. 2016-ல் போலந்து நாட்டு ஆய்வாளர் யெர்சி புரோஷின்ஸ்கி, இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பை வைத்து அதைப் பல பேரினங்களாகப் பிரித்தார். அதில் பிறந்ததுதான் மிர்மபிளாட்டா. உங்கள் மகள் வைத்திருக்கும் புத்தகம் 2016-க்கு முந்தையதாக இருக்கும். அது எழுதப்பட்ட காலத்துக்கு அந்தப் பெயர் சரியே.

‘பிளாட்டாலியா’ என்பது கரண்டிவாயன் பறவையின் பேரினப் பெயர். ‘பிளாட்டாலியோய்டிஸ்’ என்றால் கரண்டிவாயனைப் போன்றது. ஆண் சிலந்தியைப் பக்கவாட்டில் பார்த்தால் பொருத்தம் விளங்கும்: முன்னால் நீண்ட தாடை, அதன் நுனியில் உருண்டையான புடைப்பு. எறும்பு ஒன்று இன்னொரு எறும்பைக் கவ்விக்கொண்டு போவது போலவே தெரியும்.

தோப்பிலேயே சரிபார்க்க ஒரு வழி உண்டு. கால்களை எண்ணுங்கள். எறும்புக்கு ஆறு கால், இதற்கு எட்டு. முன்னங்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கி ஆட்டுவதால் அவசரத்தில் ஆறு என்றே எண்ணத் தோன்றும். இலையை லேசாகத் தட்டினால் முசுறு கடிக்க ஓடி வரும், சிலந்தியோ நூல் விட்டுக் கீழே இறங்கும். முகத்தில் முன்பக்கம் இரண்டு பெரிய வட்டக் கண்கள் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

நான் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். ஒரு தாவும் சிலந்தியைப் பழைய பேரினத்திலிருந்து வேறு பேரினத்துக்கு மாற்ற வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் எந்தெந்த உறுப்பைப் பார்த்து முடிவு செய்வார்? நிறமும் கோடுகளும் போதாதா?
– மாணவி, தர்மபுரி

போதாது. நிறத்தை நம்பி ஏமாந்த கதைதான் இந்தத் துறையின் பாதி வரலாறு. தர்மபுரி வீட்டுச் சுவர்களில் சாதாரணமாகத் திரியும் பிளெக்சிப்பஸ் பேய்குல்லியையே பாருங்கள். ஆண் கறுப்பில் வெள்ளைப் பட்டை, பெண் மங்கிய பழுப்பு. தெரியாதவர் இரண்டு சிற்றினம் என்று சத்தியம் செய்வார். மறுபக்கம், தூரத்து உறவுகூட இல்லாத இரண்டு சிலந்திகள் ஒரே மாதிரிப் பட்டை போட்டிருக்கும்.

அதனால் முதலில் பார்ப்பது ஆணின் பால்ப். முகத்துக்கு இருபுறமும் குட்டிக் கைபோல இருக்கும் உறுப்பு அது. நுனிக் கணுவான சிம்பியம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். அதற்குள் டெகுலம் என்ற கெட்டியான குமிழ், அதிலிருந்து புறப்படும் ஊசி போன்ற எம்போலஸ். விந்தைப் பெண்ணுக்குள் செலுத்துவது இந்த ஊசிதான். டெகுலத்தில் எந்த இடத்திலிருந்து எம்போலஸ் புறப்படுகிறது, குட்டையா நீளமா, குமிழைச் சுற்றி எத்தனை சுற்று வருகிறது, டெகுலத்துக்குள் விந்துக்குழாய் எப்படி வளைந்து ஓடுகிறது, முந்தைய கணுவான டிபியாவின் வெளிப்புற முள் ஒன்றா, இரண்டா, கவையா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். மிர்மரக்னே கூட்டத்தில் எம்போலஸ் வட்டமான டெகுலத்தைச் சுற்றிக் கயிறு சுற்றியது போல இருக்கும்.

பெண்ணில் பார்ப்பது எபிஜைன். வயிற்றின் அடிப்பக்கம், புத்தக நுரையீரல்கள் என்ற மூச்சு உறுப்புகளுக்கு நடுவே, இனப்பெருக்கத் திறப்புகளோடு இருக்கும் கெட்டித் தகடு. வெளியே தெரியும் திறப்புகளைவிட உள்ளே இருப்பதுதான் பேசும்: இணைவுக் குழாய்களின் நீளம், அவை திரும்பும் திசை, விந்துப்பைகளின் வடிவம், கருவுறு குழாய் எங்கிருந்து பிரிகிறது என்பவை. இந்தியச் சிலந்திகளின் பழைய விவரிப்புகள் பலவற்றில் எபிஜைனின் வெளித்தோற்றம் மட்டுமே வரையப்பட்டிருக்கும். உள்ளமைப்பு இல்லாமல் பேரினத்தை முடிவு செய்ய முடியாது. இன்று நடக்கும் பெயர் மாற்றங்கள் பல, அந்தப் பழைய மாதிரிகளை மறுபடி எடுத்து உள்ளே பார்த்ததால் வந்தவைதான்.

ஆணையும் பெண்ணையும் தனித்தனியே பிடித்திருந்தால் ஜோடி சேர்க்க ஒரு குறிப்பு: ஆணின் எம்போலஸ் நீளமாகச் சுருண்டிருந்தால் பெண்ணின் இணைவுக் குழாயும் பெரும்பாலும் நீளமாகச் சுருண்டே இருக்கும். குட்டை எம்போலஸுக்கு நீளக் குழாய் என்று வந்தால் ஜோடி தவறோ என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்து தாடைப் பல். தாடையின் பின் ஓரத்தில் ஒரே பல்லா, இரட்டை முனைப் பல்லா, பல பற்களா? பிரெஞ்சு அறிஞர் யூஜின் சீமோன் 1901 முதல் 1903 வரை வெளியிட்ட தொகுதியில் தாவும் சிலந்திகளையே இந்தப் பல்லை வைத்துத்தான் மூன்று பெரும் பிரிவாகப் பிரித்தார். அது பல பத்தாண்டுகள் நின்றது. ஆனால் ஒரே மாதிரிப் பல் வேறு வேறு வம்சங்களில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. 2015-ல் கனடா ஆய்வாளர் வேய்ன் மேடிசன் வெளியிட்ட வகைப்பாடு மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்துப் பார்த்துக் குடும்பத்தை 7 துணைக்குடும்பங்களாகப் பிரித்தது. இன்று பல்லைப் பார்க்கிறோம், குறிக்கிறோம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாணவர் கட்டுரைகளில் அடிக்கடி சறுக்கும் இடம் இதுதான். ஒரு சிற்றினத்தைப் பிளெக்சிப்பஸுக்கு மாற்றப் போகிறீர்கள் என்றால் பிளெக்சிப்பஸ் என்று பெயர் போட்ட ஏதோ ஒரு சிலந்தியோடு ஒப்பிட்டால் செல்லாது. பேரினப் பெயர் அதன் மூலச் சிற்றினத்தோடு, அதாவது அந்தப் பேரினத்துக்கு அடையாளமாக நிறுத்தப்பட்ட சிற்றினத்தோடு கட்டப்பட்டது, பிளெக்சிப்பஸுக்கு அது பேய்குல்லி. அதன் பால்ப்போடும் எபிஜைனோடும் ஒப்பிட்டு, எது ஒத்துப்போகிறது, எது ஒத்துப்போகவில்லை, பழைய பேரினத்தின் மூலச் சிற்றினத்திலிருந்து எதில் விலகுகிறது என்று மூன்றையும் எழுத வேண்டும். முடிந்தால் மாற்றப்படும் சிற்றினத்தின் மூல மாதிரியையே, அதாவது முதல் விவரிப்புக்கு அடிப்படையான சிலந்தியையே நேரில் பாருங்கள். அது எந்த அருங்காட்சியகத்தில் என்பது முதல் விவரிப்பிலோ பின்வந்த மறுஆய்விலோ இருக்கும்.

எபிஜைனைப் பிரித்து எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு வைத்தோம். மறுநாள் பார்த்தால் கண்ணாடி போல ஆகி ஒன்றுமே தெரியவில்லை. எங்கே தவறு?
– பள்ளி ஆசிரியர், பென்னாகரம்

நேரத்தில்தான் தவறு. ஹைட்ராக்சைடு தசையையும் கொழுப்பையும் கரைக்கிறது. கெட்டித் தோலைச் சட்டென்று கரைக்காது, ஆனால் விட்டுவைத்தால் அதன் நிறத்தையும் எடுத்துவிடும். மெல்லிய குழாய்ச் சுவர்கள் வெளுத்துவிட்டால் ஒளி நேரே ஊடுருவிப் போகும், ஓரம் தெரியாது. இரவு முழுக்க வைப்பது இவ்வளவு சின்னப் பொருளுக்கு மிக அதிகம்.

சரியான முறை இது. 10 கிராம் ஹைட்ராக்சைடைத் தண்ணீரில் கரைத்து 100 மி.லி. ஆக்குங்கள். தண்ணீரில்தான் வில்லைகளைப் போட வேண்டும், வில்லையின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கரையும்போது சூடேறித் தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், மாணவர் கையில் கொடுக்காதீர்கள். எபிஜைனைச் சுற்றி மெல்லிய ஊசியால் வெட்டி, வயிற்றுத் தோலோடு தூக்கி எடுங்கள். அகலம் அரை மி.மீ. அளவில்தான் இருக்கும், மூச்சுக்காற்றே அதை அடித்துப்போய்விடும். ஒரு வாட்ச் கிளாஸில் (குழிந்த சிறு கண்ணாடித் தட்டு) சில துளி கரைசல் விட்டு அதில் போடுங்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து வெதுவெதுப்பாக்கினால் சில நிமிடங்களிலேயே சதை பிரிய ஆரம்பிக்கும். 3 நிமிடத்துக்கு ஒருமுறை நுண்ணோக்கியில் பாருங்கள். விந்துப்பைகள் பழுப்பாக, சுற்றிலும் தெளிவாகத் தெரிந்த உடனே எடுத்துவிட வேண்டும். காய்ச்சி வடித்த நீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசாவிட்டால் மிச்சக் கரைசல் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும்.

பிறகு கிளிசரினில் வைத்துப் பார்க்கலாம். கிராம்பு எண்ணெய் இன்னும் தெளிவாகக் காட்டும், ஆனால் அதற்கு முன் அடர் ஆல்கஹாலில் நீரை வெளியேற்ற வேண்டும். ஈரத்தோடு போட்டால் எண்ணெய் பால்போலக் கலங்கும். உங்களுக்கு எங்கள் யோசனை: அவசரமில்லாத வேலை என்றால் ஹைட்ராக்சைடை விட்டுவிட்டு லாக்டிக் அமிலம் பயன்படுத்துங்கள். மெதுவாக வேலை செய்யும், மன்னிக்கும் குணம் அதிகம்.

இன்னொரு எச்சரிக்கை பால்ப்புக்கு. ஹைட்ராக்சைடில் போட்டுத் தண்ணீரில் இட்டால் ஆணின் குமிழ் ஊதி விரிந்து, உள்ளிருக்கும் பாகங்கள் திரும்பி வெளியே வரும். எம்போலஸ் வேறு திசையில் நிற்கும். விரிந்த பால்ப்பை விரியாத பால்ப்பின் படத்தோடு ஒப்பிட்டுப் புதுச் சிற்றினம் என்று அறிவிப்பது பெரிய தவறு. இடது பால்ப்பை விரிக்காமல் வரைவதுதான் வழக்கம். வலது மட்டும்தான் கிடைத்தது என்றால் அதைச் சொல்லி வரையுங்கள், இல்லாவிட்டால் படிப்பவர் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்தது போல் மாற்றிப் புரிந்துகொள்வார்.

பார்க்கும்போது பால்ப் உருளாமல் நிற்க நிறமில்லாத கை சானிடைசர் ஜெல் நல்ல உதவி. குழியுள்ள சிறு கிண்ணத்தில் ஜெல்லை வைத்து, அதில் பால்ப்பை ஊசியால் திருப்பி நிறுத்தி, மேலே ஆல்கஹால் ஊற்றினால் அசையாது. ஜெல்லில் காற்றுக் குமிழி இருந்தால் படம் கெடும். ஊசிக்குழலில் எடுத்து மெதுவாக விடுங்கள். பக்கவாட்டுப் பார்வையில் கொஞ்சம் சாய்ந்தாலும் டிபியா முள்ளின் வடிவமே மாறித் தெரியும். கொக்கி என்று எழுதியது நேராக வைத்துப் பார்த்தால் வெறும் முளையாக இருக்கும்.

எங்கள் வயலில் பிடித்த ஒரு சிலந்தியின் பால்ப் வீங்கிப் பஞ்சுருண்டை போல இருக்கிறது. நீங்கள் சொல்லும் எம்போலஸ் எதுவும் தெரியவில்லை. புது வகையா?
– வாசகர், அரூர்

இன்னும் வயதுக்கு வராத ஆண். கடைசித் தோலுரிப்புக்கு ஒரு படி முன்னால் இருக்கிறது. டப்பாவில் காற்றோட்டம் விட்டு, ஈரப் பஞ்சு ஒன்று வைத்து, சின்ன ஈ பிடித்துப் போடுங்கள். தோல் உரித்த பிறகு பாகங்கள் கெட்டியாகச் சில நாள் பொறுங்கள். தோலுரித்த அன்றே ஆல்கஹாலில் போட்டால் பால்ப் சுருங்கி உருக்குலையும்.

விஷமா? பிள்ளைகள் தொட்டுவிடுகிறார்கள்.
– இல்லத்தரசி, பாலக்கோடு

தாவும் சிலந்திகளால் மனிதருக்கு ஆபத்தில்லை. அழுத்திப் பிடித்தால் கடிக்கலாம், வலி சிறியது. கையில் ஏறவிட்டு வேடிக்கை பார்க்கச் சொல்லுங்கள், விரலால் அமுக்க வேண்டாம்.

சிலந்தி பெயருக்குப் பின்னால் வரும் ஆள் பெயரும் ஆண்டும் சில இடத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, சில இடத்தில் இல்லை. அச்சுப் பிழையா?
– போட்டித் தேர்வு மாணவர், ஊத்தங்கரை

பிழையில்லை. அந்தக் குறியைப் பார்த்தே இடமாற்றத்தைக் கண்டுபிடிக்கலாம். ‘பிளெக்சிப்பஸ் பேய்குல்லி (ஔதுவான், 1826)’ என்றால், 1826-ல் ஔதுவான் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை வேறு பேரினத்தில் வைத்து விவரித்தார், பிறகு இங்கே மாற்றப்பட்டது என்று பொருள். அவர் வைத்தது அட்டஸ் பேரினத்தில். முதலில் வைத்த பேரினத்திலேயே இன்றும் இருந்தால் அடைப்புக்குறி வராது. மாற்றியவர் யார் என்று அங்கே எழுதும் வழக்கம் விலங்கியலில் இல்லை, முதலில் விவரித்தவருக்குத்தான் அந்த இடம்.

பேரினம் மாறும்போது சிற்றினப் பெயரின் வாலும் மாறலாம். லத்தீனில் பேரினப் பெயருக்குப் பால் உண்டு, பெயரடையாக வரும் சிற்றினப் பெயர் அதோடு ஒத்துப்போக வேண்டும். 1846-ல் ஜெர்மன் அறிஞர் சி. எல். கோச் வைத்தது ‘பிளெக்சிப்பஸ் விட்டாட்டஸ்’. இன்று அது ஃபிண்டெல்லா பேரினத்தில் இருப்பதால் ‘விட்டாட்டா’. இணையத்தில் தேடும்போது இரண்டு வாலையும் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதி ஆய்வுக் கட்டுரைகள் கைக்கு வராது.

போனில் நல்ல மேக்ரோ லென்ஸ் இருக்கிறது. படத்தை வைத்தே பேரினம் மாற்றலாமா? டி.என்.ஏ. மட்டும் பார்த்தால் போதாதா?
– புகைப்பட ஆர்வலர், ஓசூர்

படம் மட்டும் போதாது. ஆனால் படம் இல்லாவிட்டால் பெரிய இழப்பு. ஆல்கஹாலில் போட்டதும் பச்சை, ஆரஞ்சு நிறங்கள் மங்கிவிடும், மினுமினுக்கும் செதில்கள் உதிரும். எனவே உயிரோடு இருக்கும்போது முகம், முதுகு, பக்கம் மூன்றையும் எடுங்கள். பிறகு அதே சிலந்தி சேகரிக்கப்பட்டால், படத்துக்கும் மாதிரிக்கும் ஒரே எண் கொடுங்கள்.

டி.என்.ஏ.வுக்கு வருவோம். சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் 658 எழுத்துத் துண்டைத்தான் பார்கோடு என்கிறார்கள். நெருங்கிய சிற்றினங்களைப் பிரிக்க, ஆண் பெண்ணை ஜோடி சேர்க்க அது நன்றாக உதவும். பேரினங்களுக்கு இடையே உறவைச் சொல்ல அந்த ஒரு துண்டு போதாது, பல மரபணுக்கள் வேண்டும். அதோடு, பழைய மூல மாதிரிகள் பலவற்றிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது கடினம். அந்த மாதிரியோடு உங்கள் சிலந்தியை இணைக்கும் பாலம் பால்ப்பும் எபிஜைனும்தான். ஒரு காலை மட்டும் அடர் ஆல்கஹாலில் குளிர்பெட்டியில் டி.என்.ஏ.வுக்கு ஒதுக்கி, மீதி உடலை உருவ ஆய்வுக்கு வைப்பது நல்ல பழக்கம். மொத்தச் சிலந்தியையும் அரைத்துவிட்டால் பிறகு யாரும் சரிபார்க்க வழியில்லை.

அஞ்செட்டிப் பக்கம் காட்டில் ஒரு சிலந்தி பார்த்தேன். எந்தப் பட்டியலிலும் இல்லை. நானே பெயர் வைத்து வெளியிடலாமா?
– இளைஞர், தேன்கனிக்கோட்டை

ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது, ஆனால் வரிசை முக்கியம். உங்கள் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் 2014-லும் காவேரி தெற்கு 2022-லும் அறிவிக்கப்பட்டவை. அங்கே வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் சிலந்தியை எடுக்கக் கூடாது. சொந்த வயலிலிருந்தும் மாந்தோப்பிலிருந்தும் தொடங்குங்கள், அங்கேயே பல ஆண்டுக்கு வேலை இருக்கிறது.

பட்டியல் என்று நீங்கள் எதைப் பார்த்தீர்கள் என்பதும் கேள்வி. சுவிட்சர்லாந்தின் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகச் சிலந்திப் பட்டியலில் பழைய பெயர், புதுப் பெயர், யார் எந்த ஆண்டு மாற்றினார், எந்தப் பக்கத்தில் படம் என்று எல்லாம் கிடைக்கும். அந்தப் பட்டியலின் 50,000-வது சிலந்தியாக 2022-ல் சேர்ந்ததும் ஒரு தாவும் சிலந்திதான், தென் அமெரிக்காவின் குரியூரியஸ் மினுவானோ. உங்கள் சிலந்தி வேறொரு பேரினத்தின் பெயரில், நூறு ஆண்டுக்கு முன் வரைந்த மங்கலான படத்தோடு அதில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி இருந்தால் புதுப் பெயர் வைப்பது தவறு, முந்தைய பெயருக்கே முன்னுரிமை. உங்கள் வேலை அதைச் சரியான பேரினத்துக்கு மாற்றிக் காட்டுவதாக இருக்கும். எங்களைக் கேட்டால் அதுதான் புதுப் பெயர் வைப்பதைவிடக் கடினமான, மதிப்பான வேலை.

ஒரே ஒரு ஆணை வைத்து எழுதாதீர்கள். ஒரே தோப்பில் பெரிய ஆணும் சிறிய ஆணும் கிடைக்கும், தாடை நீளம் உடல் அளவோடு வெகுவாக மாறும். பத்து ஆண் சிலந்திகளை அளந்து குறைந்ததும் கூடியதும் மி.மீ.யில் எழுதுங்கள். புதியது என்று உறுதியானால் 2002-ம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். கொல்கத்தாவில் தலைமையிடம் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குச் சென்னையிலும் மையம் இருக்கிறது. முகநூலில் பெயர் போட்டால் அது வெளியீடு ஆகாது. அச்சிதழிலோ, விதிப்படி பதிவான மின்னிதழிலோ வர வேண்டும்.

பள்ளிக்குச் சேகரிப்பு வைக்கிறோம். ஆல்கஹால் எவ்வளவு, சீட்டில் என்ன எழுத வேண்டும்?
– அறிவியல் ஆசிரியை, பர்கூர்

70 சதவீதம் போதும். கையில் இருப்பது 95 சதவீதம் என்றால் அதில் 70 மி.லி. எடுத்து, மொத்தம் 95 மி.லி. வரும்வரை காய்ச்சி வடித்த நீர் சேர்த்தால் 70 ஆகிவிடும். சிலந்தியின் அளவைப் போலப் பத்து மடங்கு ஆல்கஹால் இருக்கட்டும். உடலிலுள்ள நீர் கலந்து நீர்த்துப்போவதால் மறுநாள் ஒருமுறை மாற்றிவிடுங்கள். மாற்றாத குப்பிகளில்தான் சில மாதத்தில் வயிறு கூழாகிறது.

சீட்டைக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். வெளியே ஒட்டியது உதிர்ந்து விழும். பென்சிலால், கெட்டிக் காகிதத்தில் எழுதுங்கள், பால்பேனா மை ஆல்கஹாலில் கரைந்து காகிதம் வெற்றாகிவிடும். மாவட்டம், ஊர், அட்ச தீர்க்க ரேகை, தேதி, எடுத்தவர், எந்தச் செடியில் அல்லது சுவரில், எப்படிப் பிடித்தது என்று எழுதுங்கள். சிலந்தியின் பெயரைத் தனிச் சீட்டில், தீர்மானித்தவர் பெயரோடும் ஆண்டோடும் எழுதிப் போடுங்கள். பேரினம் மாறும்போது பழைய சீட்டை எடுக்காமல் புதுச் சீட்டை அதன் கூடவே சேர்த்துவிடலாம். பிரித்தெடுத்த எபிஜைனைக் கண்ணாடிச் சிறுகுழலில் கிளிசரினோடு இட்டு, பஞ்சால் அடைத்து, அதே குப்பிக்குள் வையுங்கள்.